வலைத்தளங்களின் இடமாற்றம்: தனிச் சர்வரிலிருந்து மேகக் கணிமைக்கு

மும்பையிலிருந்து கல்யாண் நோக்கிச் செல்லும் மின்சார ரயில், கல்யாண் சந்திப்பை அடைவதற்குச் சற்று முன்னர் தாக்குர்லி என்னும் சிறு நிலையத்தைக் கடந்து செல்கிறது. அந்நிலையத்தின் அருகே, ரயில்வேக்கே உரிய சோலா அனல் மின்நிலையம் ஒரு காலத்தில் இயங்கி வந்தது. 1920-களின் இறுதியில், அந்நாளைய கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே, புனே வரையிலும் இகத்புரி வரையிலும் தன் தண்டவாளங்களை மின்மயமாக்கிய வேளையில், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்ளக் கருதி இந்நிலையத்தை நிறுவிற்று. போர் மலைத்தொடரிலும் தால் மலைத்தொடரிலும் வண்டிகளை ஏற்றிச் செல்வதற்குப் பிறரை எதிர்பார்த்து நிற்பது இயலாது என்பது அன்றைய பொறியாளர்களின் கருத்தாக இருந்திருத்தல் வேண்டும். பின்னர் நாடெங்கும் மின்தொடர் வலை பரவியது. பெரிய நிலையங்களிலிருந்து மின்சாரத்தை வாங்குவதே சிக்கனமாயிற்று. சோலா மின்நிலையம் மூடப்பட்டது. வண்டிகள் நிற்கவில்லை. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டுமே மாறியது.

இதை ஒத்த மாற்றம் ஒன்று கடந்த இருபது ஆண்டுகளாகக் கணிப்பொறித் துறையில் நிகழ்ந்து வருகின்றது. அதனையே இக்கட்டுரையில் நோக்குவோம். பள்ளியின் வலைத்தளத்தைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்களுக்கும், களப்பணி விவரங்களை இணையம் வழியே பதிவு செய்யும் அலுவலர்களுக்கும் இது புறத்தேயுள்ள செய்தியன்று. அவர்கள் உழைத்துச் சேர்த்த பதிவுகளே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றப்படுகின்றன.

முதலில், வலைத்தளம் என்பது எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். நாம் கைப்பேசியில் காணும் பக்கம், எங்கோ ஓரிடத்தில் இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு கணிப்பொறியால் அனுப்பப்படுவது. அதற்குச் சர்வர் என்று பெயர். ஒரு நிறுவனமோ, ஒரு தொழில் முனைவோரோ, முழுப் பொறி ஒன்றைத் தமக்கென மாத வாடகைக்கு அமர்த்திக் கொண்டால் அது தனிச் சர்வர் ஆகும். கல்யாண், டோம்பிவலி போன்ற ஊர்களில், பிறருடைய வலைத்தளங்களை அமைத்துப் பராமரிக்கும் சிறு நிறுவனங்கள் பலவும் நெடுங்காலம் இம்முறையையே கையாண்டன. தாராவியில் தோற்பொருள் செய்வோர், மாட்டுங்காவில் உணவகம் நடத்துவோர், செம்பூரில் தனிப்பயிற்சி வகுப்பு நடத்துவோர் எனப் பலருடைய தளங்களும் ஒரே பொறியில் அருகருகே தங்கியிருக்கும். அப்பொறியின் வட்டு பழுதுற்றால் அனைவருடைய தளங்களும் ஒருங்கே மறையும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைந்தால் பொறி திணறும். மற்ற நாட்களிலோ அதன் ஆற்றலிற் பெரும்பகுதி வீணே கிடக்கும். சொந்த மின்நிலையம் வைத்திருந்தோர் கண்ட இடர்ப்பாடும் இத்தகையதே.

மேகக் கணிமை என்பது இதற்கு மாற்றாக எழுந்தது. இச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை: மொழிபெயர்ப்பாளர்களிற் சிலர் 'மேகம்' என்றனர், இலங்கைத் தமிழர் 'முகில்' என்பர். இரண்டும் அழகிய சொற்களே. ஆயினும் இரண்டும் வாசகரை ஓரளவு ஏமாற்றக்கூடியவை. ஏனெனில், மேகம் வானத்தில் இல்லை. அது இருப்பது, கல்யாணுக்குத் தென்மேற்கே, பார்சிக் குன்றுகளுக்கு அப்பால், தாணே–பேலாப்பூர் சாலையை ஒட்டிய ஐரோலி, ரபாளே, மகாபே ஆகிய தொழிற்பகுதிகளில் எழுந்துள்ள ஜன்னல் குறைந்த பெருங்கட்டடங்கள் போன்றவற்றிலேயாம். அங்கே வரிசை வரிசையாகச் சர்வர்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் வெப்பத்தைப் போக்கக் குளிர்விக்கும் சாதனங்கள் இடையறாது இயங்குகின்றன. மின்சாரம் தடைப்பட்டால் கைகொடுக்க மின்கலங்களும் டீசல் ஜெனரேட்டர்களும் ஆயத்தமாய் உள்ளன. பன்னாட்டுக் கடலடிக் கேபிள்கள் பல மும்பைக் கரையில் வந்து ஏறுவதும் இத்தொழில் இவ்வட்டாரத்தில் பெருகியதற்கு ஒரு காரணம்.

ஒரு பொறியைப் பலர் பங்கிட்டுக் கொள்வது மும்பைக்குப் புதிதன்று. 1964-ஆம் ஆண்டில் கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சி.டி.சி. 3600 என்னும் பெருங்கணிப்பொறி நிறுவப்பட்டது. நாட்டின் பல பாகங்களிலுமுள்ள ஆராய்ச்சி நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் தத்தம் கணக்குகளுக்கு அதனைப் பயன்படுத்தின. துளையிட்ட அட்டைகளில் கணக்கு செல்லும். அச்சிட்ட தாளில் விடை திரும்பும். இன்றைய மேகத்திலும் அடிப்படை அதுவே. ஆனால் இடையே ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. ஒரே பொறியை மென்பொருளின் துணையால் பல 'மெய்நிகர் பொறிகளாக'ப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் அது தமக்கே உரிய தனிப்பொறி போலத் தோன்றச் செய்யும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களின் பிற்பகுதியில் உருவாக்கினர். சாதாரணச் சர்வர்களிலும் இம்முறை இயலும் என்றான பிறகு, 2006-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் இத்தகைய பொறிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கிற்று. மைக்ரோசாப்ட் 2015-இலும், அமேசான் 2016-இலும், கூகுள் 2017-இலும் இந்திய மண்ணிலேயே தம் மேக நிலையங்களைத் திறந்தன. மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம், 'மேகராஜ்' திட்டத்தின் கீழ் அரசு அலுவலகங்களுக்கான தேசிய மேகத்தை 2014 பிப்ரவரியில் தொடங்கியது.

இனி, இடமாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காண்போம். கோப்புகளை ஓரிடத்தில் படியெடுத்து மற்றோரிடத்தில் ஒட்டுவதே வேலை என எண்ணுவோர் பலர். வீடு மாறும்போது பாத்திரங்களைக் கொண்டு செல்வது எளிது. பால்காரருக்கும், தபால்காரருக்கும், ரேஷன் கடைக்கும் புதிய முகவரியைத் தெரிவிப்பதிலேதான் தொல்லை. பழைய சர்வரில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்துள்ள சிறுசிறு ஏற்பாடுகள் யார் நினைவிலும் இருப்பதில்லை. இரவு இரண்டு மணிக்குத் தானாக இயங்கும் கணக்குத் திட்டம், படிவம் நிரப்பியோருக்கு அஞ்சல் அனுப்பும் நிரல், பெற்றோர் பதிவேற்றிய நிழற்படங்கள் தங்கும் அடைவு ஆகியவை மறக்கப்பட்டால், தளம் புதிய இடத்தில் பார்வைக்குச் சரியாகவே தோன்றும். ஒரு மாதம் சென்றபின்தான் குறை வெளிப்படும். ஆகவே முதலில் செய்யத்தக்கது, பழைய பொறியில் என்னென்ன இயங்குகின்றன என்பதைப் பொறுமையுடன் கண்டு எழுதிவைத்தலே. நிறுவனங்கள் பெரும்பாலும் குறைவாக நேரம் செலவிடுவதும் இதற்கே என்பது வருந்தத்தக்கது.

தமிழ்த் தளங்களைப் பொறுத்தவரை, இதைவிடப் பெரிய இடர் தரவுத்தளத்தில் உள்ளது. இதனைச் சற்று விரிவாக எழுதுவது அவசியம். ஏனெனில், தமிழ் அறியாத பொறியாளர் இவ்விடத்தில் செய்யும் பிழை அவர் கண்ணுக்கே புலப்படாது.

கணிப்பொறிக்கு எழுத்துக்கள் தெரியா, எண்களே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் உடன்பாட்டையே குறியீட்டு முறை என்கிறோம். யூனிகோடு முறையில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு எனினும், தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் டிஸ்கி, டாப், டாம் முதலிய முறைகள் பல ஆண்டுகள் வழங்கின. டாப், டாம் ஆகியவை 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசால் தரமாக அறிவிக்கப்பட்டவை. 2010-இல்தான் யூனிகோடு அரசின் தரமாயிற்று. ஆதலின், பழைய தளமொன்றின் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால், ஒரே அட்டவணையில் இரண்டு மூன்று முறைகளில் எழுதப்பட்ட தமிழ் கலந்து கிடப்பதுண்டு. டிஸ்கி, டாப் முறைகளில் 'கெ' என்னும் எழுத்து, கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே, முதலில் கொம்பும் பின்னர்க் ககரமுமாகச் சேமிக்கப்படும். யூனிகோடிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னும் வரும். எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது. வரிசையையும் மாற்றுதல் வேண்டும்.

யூனிகோடிலேயே எழுதப்பட்ட தளங்களுக்கும் இடர் இல்லாமல் இல்லை. பரவலாக வழங்கும் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள், 2018-இல் வெளியான அதன் எட்டாம் பதிப்புக்கு முன்வரை, வேறு கட்டளை கொடாவிடில் மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான குறியீட்டையே தன் வழக்கமாகக் கொண்டிருந்தது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூ.டி.எப்-8 முறையில் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். 'கொ' என்பதற்கு ஆறு பைட்டுகள், 'ஸ்ரீ' என்பதற்குப் பன்னிரண்டு. இம்மூன்று பைட்டுகளையும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துக்களாக அம்மென்பொருள் சேமித்து வைத்திருக்கும். பழைய சர்வரில் உள்ளே செல்லும்போதும் வெளியே வரும்போதும் ஒரே தவறு நிகழ்வதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, பக்கத்தில் தமிழ் செவ்வனே தோன்றும். புதிய சர்வரோ முறையாக அமைக்கப்பட்டது. அது தவறு செய்வதில்லை. அங்கே தளத்தைத் திறந்தால், தலையில் கோடிட்ட இலத்தீன் எழுத்தும், அதனை அடுத்துப் பதிவுபெற்ற வணிகச் சின்னத்தின் வட்டக் குறியும் திரும்பத் திரும்பத் தோன்றும் குப்பையாகக் காட்சியளிக்கும். இக்காட்சியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. பைட்டுகள் அனைத்தும் பத்திரமாகவே உள்ளன. அறிந்தோர் அவற்றை மீண்டும் தமிழாக்கிவிடலாம்.

அஞ்சத்தக்கது வேறொன்று. தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகளாகத் தோன்றினால், மாற்றிய மென்பொருள் தமிழ் எழுத்தைத் தன் குறியீட்டில் காணாது, அதனை எறிந்துவிட்டு அவ்விடத்தில் கேள்விக்குறியை எழுதிவிட்டது என்பது பொருள். அதிலிருந்து மூலத்தை மீட்க எந்த விஞ்ஞானத்தாலும் இயலாது. அந்நிலையில், பழைய சர்வர் இன்னும் கையில் இருந்தால் பிழைத்தோம். திருப்பி ஒப்படைத்துவிட்டிருந்தால், பத்தாண்டு மாணவர் பெயர்ப் பட்டியல் மறைந்ததே. ஆகவே, இடமாற்றம் முடிந்ததும் முதற்பக்கத்தை மட்டும் பார்த்துச் சரி என ஒப்பமிடலாகாது. மிகப் பழைய பதிவு ஒன்று, இடைக்காலப் பதிவு ஒன்று, நேற்றைய பதிவு ஒன்று என எடுத்துப் படித்துப் பார்த்தல் வேண்டும். கிரந்த எழுத்துக்கள் வரும் பெயர்களையும் தேடிப் பார்ப்பது நன்று. இவ்வேலைக்குப் பொறியாளரைவிடத் தமிழாசிரியரே தக்கவர்.

தரவு சரியாக வந்தபின், முகவரி மாற்றம் எஞ்சுகிறது. வலைத்தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாடு 1983-இல் வகுக்கப்பட்டது. அது இணையத்தின் தொலைபேசிப் புத்தகம் போன்றது. ஆனால், உலகெங்குமுள்ள இடைநிலைச் சர்வர்கள் அப்புத்தகத்தைத் தத்தம் நினைவில் படியெடுத்து வைத்துக்கொள்கின்றன. எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதை நாமே நொடிக்கணக்கில் குறிப்பிடுகிறோம். அது 86,400 நொடிகளாக, அதாவது ஒரு நாளாக இருந்தால், மாற்றம் செய்த பின்னரும் ஒரு நாள் வரை சிலர் பழைய சர்வருக்கும் சிலர் புதிய சர்வருக்கும் செல்வர். அந்த ஒரு நாளில் பழைய பொறிக்குச் சென்று பதிவு செய்தவரின் விண்ணப்பம் புதிய பொறியில் இராது. எனவே, இரண்டு நாட்களுக்கு முன்பே அந்நேரத்தை 300 நொடிகளாகக் குறைத்து வைத்து, மாற்றும் வேளையில் பழைய தளத்தில் பதிவுகளைச் சிறிது நேரம் நிறுத்துவர். மின்னஞ்சலுக்குரிய குறிப்புகளும் அதே புத்தகத்தில் உள்ளமையால் அவற்றை மறவாது எடுத்துச் செல்லவேண்டும். மறந்தால் தளம் திறக்கும், அஞ்சல் வராது.

இதுவரை கூறியது மாற்றும் வழி. மாறியபின் நிலைமை என்ன?

இங்கேதான் மின்சாரத்தோடு செய்த ஒப்புமை தன் எல்லையை அடைகிறது. 2020 அக்டோபர் 12-ஆம் நாள் காலையில், கல்யாணுக்கு அண்மையிலுள்ள பட்காவையும் கல்வாவையும் இணைக்கும் உயர் அழுத்தத் தடங்களில் ஏற்பட்ட கோளாற்றால் மும்பை, தாணே வட்டாரங்கள் மின்சாரம் இழந்தன. புறநகர் வண்டிகள் நின்றன. சில மணி நேரத்தில் மின்சாரம் படிப்படியாகத் திரும்பியது. திரும்பி வந்த மின்சாரமும் போன மின்சாரமும் வேறல்ல. ஒரு யூனிட் மற்றொரு யூனிட்டுக்கு முற்றிலும் ஈடாகும். தரவு அத்தகையதன்று. ஒரு மாணவியின் மதிப்பெண்ணுக்கு மற்றொரு மாணவியின் மதிப்பெண் ஈடாகாது. ஒரு கிராமத்தில் சென்ற ஆண்டு அளந்த மழையளவை இவ்வாண்டு மீண்டும் அளக்க இயலாது.

இவ்வேறுபாட்டை மறந்ததன் விளைவை அண்மைக்கால நிகழ்ச்சிகள் மூன்று காட்டுகின்றன. 2021 மார்ச் 10-ஆம் நாள், பிரான்சிலுள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் இலட்சக்கணக்கான வலைத்தளங்கள் இணையத்திலிருந்து மறைந்தன. மாற்றுப்படி வைத்திராதோர் பலர் தம் தரவை அறவே இழந்தனர். மாற்றுப்படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தோர் சிலரும் அவர்களோடு சேர்ந்தனர். 2025 செப்டம்பர் 26-ஆம் நாள், தென் கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தகவல் மையத்தில் மின்கலத் தொகுதியிலிருந்து தீ மூண்டது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்துவைக்கும் பொது மேகச் சேமிப்பில் இருந்த 858 டெராபைட் தரவு எரிந்துபோயிற்று. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியிடத்தில் மாற்றுப்படி எடுக்கப்படவில்லை என அறிவிக்கப்பட்டது. உலகில் மிக முன்னேறிய மின்னாட்சி முறைகளுள் ஒன்று அது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது நிகழ்ச்சி வேறு வகையானது. 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியத்தின் தனி மேகச் சந்தா, கூகுள் நிறுவனத்தின் அமைப்பில் நேர்ந்த ஒரு பிழையினால் நீக்கப்பட்டுவிட்டது. இரண்டு இடங்களில் வைத்திருந்த படிகளும் ஒரே சந்தாவைச் சேர்ந்தவையாதலின் இரண்டும் சேர்ந்தே போயின. ஆனால் அந்நிதியத்தார் முன்யோசனையுடன் வேறொரு நிறுவனத்திடமும் ஒரு மாற்றுப்படி வைத்திருந்தனர். அதைக்கொண்டு நாட்கள் சில கழிந்தபின் மீண்டெழுந்தனர். அன்று அவர்களைக் காத்தது மேகத்தின் அளவோ விலையோ அன்று. வேறிடத்தில், வேறொருவர் பொறுப்பில் இருந்த ஒரு படியே.

மேகத்திற்கு மாறியவுடன் மாற்றுப்படியும் தானாகவே கிடைத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. பொறியின் பழுது, குளிர்விப்பு, மின்சாரம், கட்டடக் காவல் ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. தரவும், கடவுச்சொல்லும், மாற்றுப்படியும் உரியவரின் பொறுப்பு. எல்லா ஒப்பந்தங்களிலும் ஏறத்தாழ இவ்வாறே எழுதப்பட்டுள்ளது, படிப்போர்தாம் சிலர். நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், செயலாக்கத்தைப் பிறரிடம் ஒப்படைத்திருந்தாலும் தரவைத் திரட்டியவரே அதற்குப் பொறுப்பாவர் என்று கூறுகிறது. அச்சட்டத்தின் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கின்றன. மாணவர் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைப்பேசி எண் ஆகியவற்றைத் தளத்தில் வைத்திருக்கும் பள்ளிகளுக்கு இது நேரிடையாகப் பொருந்தும்.

செலவைப் பற்றியும் சில சொற்கள். மேகம் எப்போதும் மலிவு என்பது விளம்பரதாரர் கூற்று. அங்கே கட்டணம் மின்சார மீட்டரைப் போன்றது: பொறி இயங்கும் நேரத்திற்கு, சேமிப்பின் அளவிற்கு, பல இடங்களில் வெளியே அனுப்பப்படும் தரவின் அளவிற்கும் தனித்தனியே கணக்கிடுவர். ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இயங்கும் தளத்திற்குத் தனிச் சர்வரே சிக்கனமாகலாம். அமெரிக்க மென்பொருள் நிறுவனமான 37சிக்னல்ஸ், மேகத்தை விட்டுச் சொந்தப் பொறிகளுக்கே திரும்புவதாக 2022-இல் அறிவித்து, அவ்வாறே செய்தது. மாறாக, தேர்வு முடிவு, சேர்க்கை, வெள்ள எச்சரிக்கை போன்று ஆண்டில் சில நாட்களே பெருங்கூட்டம் வரும் தளங்களுக்கு மேகமே ஏற்றது. பத்துப் பக்கங்களே கொண்ட பள்ளித் தளத்திற்கு இரண்டுமே மிகை; பலர் பங்கிடும் எளிய விடுதி முறையே போதும். எங்கும் மேகம் என்று வற்புறுத்தும் நிறுவனத்தாரிடம், சென்ற ஆண்டின் பயன்பாட்டுக் கணக்கைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

தம் தளத்தைப் பிறரிடம் ஒப்படைத்துள்ள ஆசிரியரோ அலுவலரோ பொறியியல் அறிந்திருத்தல் வேண்டுமென்பதில்லை. தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது என்று கேட்டறியலாம். அது பராமரிப்போரின் பெயரில் இருந்தால், அவர் தொழிலை விட்டகலும் நாளில் தளமும் அகலக்கூடும். மாற்றுப்படி எத்தனை நாட்களுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது, எந்த ஊரில், எவர் கணக்கில் உள்ளது என்றும் கேட்கலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, அப்படியிலிருந்து தளத்தை ஒருமுறை மீட்டெடுத்துக் காட்டும்படி கோருவது. ஆண்டுக்கணக்காக எடுக்கப்பட்டு வந்த படி, தேவைப்பட்ட நாளில் வெற்றுக் கோப்பாக இருந்த கதைகள் இத்துறையில் மிகப் பல. கோடை விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, பழைய கணிப்பொறி ஒன்றில் மாற்றுப்படியை ஏற்றிச் சென்ற ஆண்டின் வருகைப் பதிவைத் திறந்து பார்க்கலாம். மேல்வகுப்பு மாணவர்கள் இதனை ஆர்வத்துடன் செய்வர்.

பழைய சர்வரைப் பொறுத்தவரை, முகவரி மாறிய மறுநாளே அதனை ஒப்படைத்தல் கூடாது. குறைந்தது ஒரு மாதமேனும் அது வாடகையில் இருக்கட்டும். மாத இறுதிக் கணக்கு புதிய பொறியில் பிழையின்றி முடிந்ததைக் கண்ட பின்னர், அதிலுள்ளவற்றின் முழுப் படி ஒன்றைத் தனி வட்டில் எடுத்து, அலமாரியில் பூட்டி வைத்து, வட்டின் மேல் தேதியையும் அதிலுள்ள தமிழ் எந்தக் குறியீட்டு முறையில் அமைந்தது என்பதையும் எழுதி ஒட்டி, அதன் பிறகே பழைய பொறியின் வட்டுகளை முறைப்படி அழிக்கச் சொல்லலாம்.